மழை முடிந்து எடுத்தால் ஸ்டார்ட் ஆகாத மெஷின்: கயிற்றை இழுக்கும் முன் பார்க்க வேண்டியவை

தை பிறந்தால் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளிப் பக்கம் இருக்கும் எங்கள் பட்டறையில் நிற்க இடம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தென்னந்தோப்புகளில் புல் முழங்கால் அளவு ஏறி நிற்கும். வெயில் தலைகாட்டியதும் எல்லாரும் ஒரே வாரத்தில் பிரஷ் கட்டரைத் தேடி எடுப்பார்கள். போன மாசியில் பம்பு ரூம் மூலையில் சாத்தி வைத்தது. பத்து மாதம் அதைத் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிட்டு, எடுத்த எடுப்பில் ஓட வேண்டும் என்றால் எப்படி? இழுத்து இழுத்துத் தோள்பட்டை வீங்கிய பிறகு, மெஷினை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வருவார்கள்.

பிரஷ் கட்டர் மட்டும் என்றில்லை. சீமைக் கருவேலம் அறுக்கிற செயின் சா, மிளகாய்க்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர், ஊருணித் தண்ணீரை இறைக்கிற பெட்ரோல் பம்ப் எல்லாவற்றுக்கும் நோய் ஏறக்குறைய ஒன்றுதான். மெஷின் கெட்டுப்போவது குறைவு. உள்ளே விட்டுவைத்த பெட்ரோல் கெட்டுப்போயிருக்கும், அல்லது கடல்காற்று எங்காவது உப்பைப் படிய வைத்திருக்கும். எது என்று தெரிந்துகொள்ள, தீப்பொறி தருகிற பிளக்கைக் கழற்றும் ஸ்பேனர் ஒன்று போதும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கைவைப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருகிற கார்பரேட்டரில். அதுதான் தப்பு. பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் கார்பரேட்டரைக் கழற்றுகிறவரிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் இன்ஜின் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? இன்ஜினுக்கு ஆயில் ஊற்றத் தனி மூடி இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக் (செயின் சாவில் இருக்கும் ஆயில் மூடி செயினுக்கானது, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்). இல்லையென்றால் டூ ஸ்ட்ரோக், பெட்ரோலிலேயே டூடி (2T) ஆயில் கலக்க வேண்டும். பிரஷ் கட்டரில் இரண்டு வகையும் வருகிறது, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். வீட்டில் ஒன்று, தோப்பில் ஒன்று வைத்திருப்பவர்கள் கேனை மாற்றி ஊற்றுவது இங்கே வாடிக்கை. ஆயில் கலந்ததை ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் புகையும், பிளக் கரியும். காலி செய்து கழுவினால் தீர்ந்தது. ஆயில் கலக்காத பெட்ரோலை டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் பிஸ்டனே போய்விடும்.

சரி, அடையாளத்துக்கு வருவோம்.

கயிறே வரவில்லை, கல் மாதிரி நிற்கிறது

பலம் கொடுத்து இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாக ஒரு முறை இழுத்துப் பாருங்கள். இப்போது கயிறு வந்து, பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் பீய்ச்சி அடித்தால், சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைந்திருந்தது என்று அர்த்தம். திரவத்தைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, அதனால்தான் நின்றது. பம்ப்செட்டில் இது அடிக்கடி நடக்கும். பெட்ரோல் குழாயைத் திறந்தே விட்டு வைத்திருப்பார்கள், கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஊசி சரியாக அடைத்திருக்காது, சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கும்.

பிளக்கை எடுத்தும் வரவில்லையென்றால், கயிறு சுற்றும் மூடியைக் கழற்றுங்கள். மூன்று, நான்கு ஸ்குரூதான் இருக்கும். மூடி இல்லாமல் உள்ளே உள்ள சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். சக்கரம் சுற்றினால் இன்ஜினுக்கு ஒன்றும் இல்லை, கயிற்று ஸ்பிரிங் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாம்பன், மண்டபம் பக்கத்திலிருந்து வரும் மெஷின்களில் இந்த ஸ்பிரிங் பிஸ்கட் மாதிரி உடைந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். புதிதாக மாற்றிக்கொள்ளலாம், விலை அதிகம் இல்லை. ஆனால் பழைய ஸ்பிரிங்கைக் கழற்றும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சுருள் விட்டுக்கொண்டு எகிறும்.

சக்கரமே சுற்றவில்லை என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் சிலிண்டரில் துருவோடு ஒட்டியிருக்கிறது. பிளக் ஓட்டை வழியாக டூடி ஆயிலும் டீசலும் சம பங்கு கலந்து இரண்டு ஸ்பூன் விட்டு, ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் சக்கரத்தைக் கையால் இப்படியும் அப்படியுமாக அசையுங்கள். அசைந்து கொடுத்தால் பொறுமையாகத் தொடரலாம். இரண்டு நாள் ஊறியும் அசையவில்லையென்றால் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். சுத்தியலால் தட்டிவிட்டுக் கொண்டுவர வேண்டாம்.

கயிறு பஞ்சு மாதிரி லேசாக வருகிறது

நல்ல இன்ஜினில் கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் கையில் எதிர்ப்புத் தட்டும். அதுதான் கம்ப்ரஷன், சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற அழுத்தம். தட்டவே இல்லையென்றால் பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டு, வேறொருவரை இழுக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வர வேண்டும். வராவிட்டால் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை உள்ளே விட்டு மறுபடி பாருங்கள். இப்போது தள்ளினால் ரிங்கில் கோளாறு. ஆயில் விட்டும் அப்படியே இருந்தால், ஃபோர் ஸ்ட்ரோக்கில் பெரும்பாலும் வால்வு துருப்பிடித்துத் திறந்தபடியே நிற்கிறது. மேல் மூடியைக் கழற்றி, வால்வுத் தண்டில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் விடுபடும். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் நெடுக்காகக் கீறல் இருந்தால் அது ஸ்டார்ட் ஆகாத பிரச்சினை இல்லை, பெரிய வேலை.

செயின் சா வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் செய்யும் முன் மேலே உள்ள, அழுத்தத்தைக் குறைத்து இழுக்க லேசாக்கும் டீகம்ப்ரஷன் பட்டன் அமுங்கியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நன்றாக இழுக்கிறது, ஒரு சத்தமும் இல்லை

பெரும்பாலானவர்களின் பிரச்சினை இதுதான். சுவிட்ச் ஆனில் இருக்கிறதா, பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா? சிரிக்காதீர்கள், இதற்காகவே பத்துக் கிலோமீட்டர் வந்தவர்கள் உண்டு. இரண்டும் சரியென்றால், கார்பரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்கிற சோக்கை மூடி நான்கைந்து முறை இழுத்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, தீ வரவில்லை. அல்லது பெட்ரோல் அளவுக்கு மேல் வந்துவிட்டது. இந்த இரண்டு வழியும் வேறு வேறு.

பிளக் காய்ந்திருந்தால்

டேங்கில் இருக்கும் பெட்ரோலை முதலில் பாருங்கள். இங்கே ஒரு பெரியவர் கதையைச் சொல்ல வேண்டும். தென்னந்தோப்புக்காரர், கறாரான மனிதர். பிளக்குக்குக் கரண்ட் தருகிற காயில் மேல்தான் அவருக்குச் சந்தேகம்.

“தம்பி, நேத்து சாயங்காலம் பிடிச்சு இழுக்கிறேன். காயில் போயிருச்சுன்னு நினைக்கிறேன், மாத்திரு.”

“காயில் இருக்கட்டும் அய்யா. பெட்ரோல் எப்ப ஊத்துனது?”

“அது போன மாசியில ஊத்துனது. இன்னும் அரை டேங்கு கெடக்கே.”

டேங்கைக் கவிழ்த்து ஒரு காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றினேன். கலங்கலாக விழுந்தது. பாட்டிலை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பாட்டிலுக்குள் ஒரு கோடு விழுந்தது. மேலே டூடி ஆயிலின் நீலம் தெரிகிற பெட்ரோல். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி மங்கலாக இன்னொன்று. பெரியவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பங்க்காரன் தண்ணியை ஊத்திட்டானா?” என்றார். அப்படி இல்லை. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. 20 சதவீதம் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது, 2025க்குள் எங்கே போனாலும் அதுதான் என்று ஆகிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மூடி சரியாக இறுகாத அரை டேங்கு, மழைக்கால ஈரம், பம்பு ரூம் கூரை ஒழுகல் எல்லாம் சேர்ந்து தண்ணீர் உள்ளே போனது. தாங்குகிற அளவு வரை எத்தனால் அந்தத் தண்ணீரைப் பெட்ரோலோடு கலந்தே வைத்திருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும்.

மெஷின் உறிஞ்சுகிற குழாயோ டேங்கின் அடியில்தான் கிடக்கிறது. அதனால் இன்ஜினுக்குப் போவது அந்த மங்கலான தண்ணீர். அதில் ஸ்டார்ட் ஆகாமல் இருப்பதே நல்லது. டூடி ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு தங்கிவிட்டது. அடியில் உள்ளதில் ஆயில் கிடையாது. தப்பித் தவறி ஓடினால் பிஸ்டன் வறண்டு உரசும். குலுக்கி ஊற்றினால் சேர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், மறுபடியும் பிரியும். அந்த டேங்கைக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றி, பிளக்கைத் துடைத்துப் போட்டேன். ஆறாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. காயில் விலையைச் சேமித்தோம் என்ற சந்தோஷம் பெரியவருக்கு. ஆனாலும் அந்தப் பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார், பங்க்காரரிடம் காட்டப் போகிறாராம்.

பிரியாவிட்டாலும் பெட்ரோல் பழசாகும். எங்கள் ஊர் வெக்கையில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்ததை நான் நம்பமாட்டேன். முகர்ந்து பார்த்தாலே தெரியும்: புதுப் பெட்ரோலின் மூக்கைத் துளைக்கிற காரம் போய், பழைய வார்னிஷ் வாடை வரும். எளிதில் ஆவியாகிறதெல்லாம் பறந்துவிட்டது, தீப்பிடிக்க வேண்டியதே அதுதானே. எடுத்த பழைய பெட்ரோலை மணலில் கொட்டாதீர்கள். கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிக்கிற ஊர்கள் நம்முடையவை. டப்பாவில் மூடி, பக்கத்து டூவீலர் பட்டறைக்குக் கொடுத்தால் சாமான் கழுவ வைத்துக்கொள்வார்கள்.

புதுப் பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவு மெஷின் புத்தகத்தில் இருக்கும். 50க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 25க்கு 1 என்றால் 40 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவதை விடுங்கள், மருந்துக் கடையில் வாங்கும் சிரிஞ்ச் போதும். கலந்ததையும் ஒரு மாதத்தில் தீர்க்கிற அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

புதுப் பெட்ரோல் ஊற்றியும் பிளக் காய்ந்தே இருந்தால், பிரஷ் கட்டர், செயின் சாவில் கார்பரேட்டர் பக்கத்தில் உள்ள ரப்பர் குமிழை அமுக்குங்கள். அது சொல்லிவிடும். அமுக்கியதும் குழிந்து போய்த் திரும்ப எழவில்லையென்றால், டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரிலோ குழாயிலோ கார்பரேட்டரிலோ அடைப்பு. சட்டென்று எழுந்துவிடுகிறது, ஆனால் பெட்ரோல் ஏறாமல் காற்றுக் குமிழிகள் மட்டும் ஓடுகிறது என்றால் குழாயில் வெடிப்பு. சைக்கிள் ஸ்போக்கின் நுனியை வளைத்து டேங்குக்குள் விட்டால் ஃபில்டர் மாட்டி வெளியே வரும். எலி கடித்த குழாய்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன், அதுவும் கொப்பரை காயும் கொட்டகையில் வைத்த மெஷின் என்றால் கேட்கவே வேண்டாம். பழைய மெஷின்களில் ரப்பர் குழாயே எத்தனாலில் கெட்டு, விரலால் வளைத்தால் வெடிப்பு விடும். குழாய், குமிழ், ஃபில்டர் மூன்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது மேல்.

பம்ப்செட்டில் வேலை இன்னும் சுலபம். கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் ஸ்குரூ இருக்கும். தளர்த்தினால் பெட்ரோல் ஒழுக வேண்டும். ஒழுகவில்லையென்றால் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயின் கீழே உள்ள சின்னக் கோப்பையையும் சல்லடையையும் கழற்றிக் கழுவுங்கள். ஊசி ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும். கிண்ணத்தின் பக்கவாட்டில் திருப்புளியின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினால் பல நேரம் விட்டுவிடும். பட்டறை வேலையில் பாதி இந்தத் தட்டல்தான், வெளியே சொல்லாதீர்கள்.

அதன் பிறகுதான் கார்பரேட்டரைக் கழற்ற வேண்டும். கிண்ணத்துக்குள் பச்சையாகவோ வெள்ளைப் பொடியாகவோ படிந்திருப்பது ஈரமும் எத்தனாலும் உலோகத்தை அரித்த அடையாளம். கார்பரேட்டர் கிளீனர் அடித்துக் கழுவுங்கள். பெட்ரோல் வருகிற நுண்துளை உள்ள ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமாக ஒரு வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கரண்ட் வயரின் ஒரு செப்பு இழையால் குத்துங்கள். ஊசி, குண்டூசி எல்லாம் வேண்டாம். ஜெட் பித்தளை, துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் எந்த டியூனிங்கும் நிற்காது. பிரஷ் கட்டர் கார்பரேட்டரில் கிண்ணம் இருக்காது, மெல்லிய டயாபிரம் இருக்கும். விரலால் தொட்டால் பலூன் தோல் மாதிரி துவள வேண்டும். எக்ஸ்ரே பிலிம் மாதிரி மொடமொடவென்றிருந்தால் கழுவிப் பயனில்லை, கிட் வாங்கி மாற்றுங்கள். வாங்கப் போகும்போது பழையதை எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்றுபோல் இருப்பவற்றில் துளைகள் இடம் மாறியிருக்கும்.

பிளக் நனைந்திருந்தால்

பெரும்பாலும் இது மெஷின் செய்த தப்பு இல்லை, சோக் போட்ட கையின் தப்பு. சோக்கை மூடி இழுக்கும்போது மூன்றாவது, நான்காவது இழுப்பில் இன்ஜின் ‘டப்’ என்று ஒரு முறை இருமும். அதைக் கேட்டவுடன் சோக்கைத் திறந்துவிட வேண்டும். அடுத்த ஒன்றிரண்டு இழுப்பில் பிடிக்கும். பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள், அந்த இருமலைத் தவற விட்டுவிட்டு, சோக்கோடு இன்னும் இருபது முறை இழுப்பார்கள். அதற்குள் சிலிண்டர் குளித்துவிட்டது.

பிளக்கை எடுத்துத் துணியால் துடைத்து வெயிலில் வையுங்கள். மெஷினை பிளக் ஓட்டை கீழே பார்க்கும்படி சாய்த்து, சோக்கைத் திறந்து, ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கி, பத்து முறை இழுங்கள். உள்ளே உள்ளது வெளியே தெறிக்கும். பீடி குடிப்பவர்களைத் தள்ளிப் போகச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஆறவிட்டு, பிளக்கைப் போட்டு, சோக் இல்லாமல் இழுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் தீப்பொறி பார்க்க வேண்டும். பிளக் ஓட்டையைத் துணியால் அடைத்துவிடுங்கள், அங்கிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக்கை அதன் ஒயர்த் தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடம்பு சிலிண்டரில் படும்படி ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்துக்கொண்டு, ஓட்டையிலிருந்து தள்ளி, நிழலில் வைத்து இழுங்கள். நீலமாகப் பளிச்சென்று வந்தால் நல்லது. மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் முதலில் பிளக்கை மாற்றிப் பாருங்கள். புதுப் பிளக்கின் விலை உங்கள் அரை நாள் கூலியைவிடக் குறைவு. நுனியின் இடைவெளி சின்ன இன்ஜின்களில் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர், பம்ப்செட்டில் 0.7 முதல் 0.8.

புதுப் பிளக்கிலும் தீ இல்லையா? இன்ஜினை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் ஒயரைக் காயிலிடம் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது தீ வந்தால் குற்றவாளி அந்த ஒயர் அல்லது சுவிட்ச். கைப்பிடிக் குழாயில் உரசித் தோல் உரிந்த ஒயரோ, உப்பு படிந்த சுவிட்சோ கரண்ட்டை வழியிலேயே மெஷின் உடம்பில் இறக்கிவிடும். சோதனை முடிந்ததும் ஒயரை மாட்டிவிட வேண்டும், இல்லையென்றால் சுவிட்சைப் போட்டாலும் இன்ஜின் நிற்காது, பிளேடு சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஃபோர் ஸ்ட்ரோக் பம்ப், ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் ஆயில் அளவையும் பார்த்துவிடுங்கள். ஆயில் குறைந்தால் தீப்பொறியையே நிறுத்திவைக்கிற சென்சார் பல மாடல்களில் உண்டு. ஹோண்டா ஜிஎக்ஸ்160 இன்ஜின் பிடிக்கிற ஆயில் 0.6 லிட்டர்தான், கொஞ்சம் குறைந்தாலும் சரிவில் வைத்தாலும் சென்சாருக்குக் குறைவாகத் தெரியும். சமமான தரையில் வைத்துப் பாருங்கள். ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால் முன்னே சொன்ன ஊசிக் கோளாறுதான். பெட்ரோல் ஆயிலுக்குள் இறங்கிவிட்டது. ஆயிலை மாற்றாமல் ஓட்ட வேண்டாம்.

கடைசியாகக் காயில். கயிற்று மூடியைக் கழற்றினால் சக்கரத்தில் பதித்த காந்தமும், அதன் எதிரே காயிலின் இரும்புக் கால்களும் தெரியும். கடலோரத்தில் இவை இரண்டிலும் செம்மண் பூசியது போலத் துரு ஏறியிருக்கும். உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இரண்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, காயிலைக் காந்தத்தோடு ஒட்டவிட்டு ஸ்குரூவை இறுக்கிய பிறகு கார்டை உருவுங்கள். ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும், பெரும்பாலான சின்ன இன்ஜின்களுக்கு அது சரி. இதன் பிறகும் தீ வராவிட்டால்தான் காயிலைக் குறை சொல்லலாம்.

பிடித்து, ஐந்தே நொடியில் நின்றுவிடுகிறது

டேங்க் மூடியை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது. துளையை ஊதிச் சுத்தம் செய்தால் முடிந்தது.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது என்றால் பெட்ரோல் போதாமல் வருகிறது, அல்லது எங்கோ கூடுதலாகக் காற்று நுழைகிறது. சின்ன ஜெட்டை மறுபடி கழுவுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள கேஸ்கெட்டையும் ரப்பரையும் பாருங்கள், இரண்டு நட்டும் இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சோக்கைப் பாதி மூடிவைத்தே வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று சிலர் ஓட்டுவார்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. நான் அப்படி ஓட்டமாட்டேன்.

ஓடுகிறது, ஆனால் வேகம் எடுக்காமல் மூச்சு வாங்குகிறது

ஏர் ஃபில்டரைக் கழற்றுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் ராமேஸ்வரம் தீவுப் பக்கம் மணல் எங்கே வேண்டுமானாலும் புகும், மூடிவைத்த டிபன் கேரியரிலும் புகும். அடைத்திருந்தால் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, கொஞ்சம் ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். விரலால் அமுக்கியதும் உதிர்கிறது என்றால் கழுவவே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். பழைய ஸ்பாஞ்ச் நாள்பட நாள்பட மக்கிப் பொடியாகிவிடும், அந்தப் பொடியை இன்ஜின் உறிஞ்சிக்கொள்ளும். ஃபில்டர் இல்லாமல் ஒரு நாள் ஓட்டிக்கொள்கிறேன் என்று கடற்கரை மணலில் இறங்காதீர்கள். சிலிண்டருக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அதுவும் ஒன்று.

ஃபில்டர் நன்றாக இருந்தால் சைலன்சர். டூடி ஆயிலை அதிகம் ஊற்றுகிறவர்கள் மெஷினில் வாய்ப் பக்கத்து வலை கரியால் அடைந்திருக்கும். வலையைக் கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்துப் போடுங்கள். குளவிக் கூட்டையும் இங்கே எதிர்பார்க்கலாம். சைலன்சர் வாய்க்குள் மண் குழைத்துப் பூசி வைத்திருக்கும். சில சமயம் அடைப்பு முழுசாக இருந்து ஸ்டார்ட்டே ஆகாது. பார்க்காமல் கார்பரேட்டர், காயில் என்று சுற்றி வந்தால் ஒரு நாள் போய்விடும்.

திரும்ப வைக்கும்போது

வேலை முடிந்து வைக்கும் நாளில் டேங்கைக் காலி செய்யுங்கள். பிறகு மெஷினை ஸ்டார்ட் செய்து, தானாக அணையும் வரை ஓடவிடுங்கள், கார்பரேட்டரும் காலியாகும். ஆறியதும் பிளக்கைக் கழற்றி அரை ஸ்பூன் ஆயில் விட்டு, இரண்டு முறை மெதுவாக இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். அப்புறம் கயிற்றை மெல்ல இழுத்து, கையில் எதிர்ப்புத் தட்டுகிற இடத்தில் அப்படியே நிறுத்திவிடுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்த நிலையில் வால்வு இரண்டும் மூடியிருக்கும், ஈரக் காற்று உள்ளே போகாது.

வைக்கும் இடம்: உர மூட்டைக்குப் பக்கத்தில் வேண்டாம், கருவாட்டுக்கும் உப்பு மூட்டைக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் தார்ப்பாயில் இறுகச் சுற்றினால் உள்ளே வேர்த்து நிற்கும், சாக்குப் போதும். தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். சைலன்சர் வாயில் குளவி புகாமல் ஒரு துணியைத் திணித்து, வால் வெளியே தொங்கும்படி விடுங்கள், அதுவும் சிவப்புத் துணியாக.

சிவப்பு எதற்கு என்றால், முன்பு ஒரு முறை கரிக் கலரில் ஒரு கிழிசலைத் திணித்து வைத்துவிட்டு, மழை முடிந்து எடுத்து, பிளக்கை மாற்றி, கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவி, காயில் இடைவெளி வைத்து, சாயங்காலம் வரை இழுத்தவன் நானேதான்.